கறுக்காத முயல் காசு

வெந்த முட்டையைச் சுடச்சுட உரித்து, மஞ்சள் கருவை வழித்தெறிந்தாள் பூய்-யீ. வெள்ளைக் கருவுக்குள் முயல் பொறித்த காசைத் திணித்தாள். கைக்குட்டையில் முடிந்து, ஜுரத்தில் முனகிய மகளின் வயிற்றில் உருட்டத் தொடங்கினாள். விரல் வெந்தது. நிறுத்தவில்லை.

"நல்லா அழுத்து," என்றாள் மாமியார். "வெள்ளின்னா சூட்டை இழுத்துக்கிட்டுக் கறுத்து வரும்."

முடிச்சைப் பிரித்தாள். காசு பளபளவென்று பல்லைக் காட்டியது.

"கறுக்கவே இல்லையே! உங்கப்பன் குடுத்தது வெள்ளியே இல்லடி. பேத்தி பொறந்து மாசம் நிறைஞ்ச முழுமாச விருந்துல போலியை நீட்டிட்டுப் போய்ச் சேந்துட்டான் மனுஷன். தூ!"

சீன முயல் வருஷத்தில் பிறந்த பேத்திக்காக அப்பா வரிசையில் நின்று வாங்கிய நினைவுக் காசு. அவர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மோசடிக்காரன் பட்டம்.

பூய்-யீ காசின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். கணவனை ஏறிட்டாள்.

சீ-ஹொங் போனை நோண்டியபடி, "விடும்மா. பாவம், அவரை எவனோ ஏமாத்தியிருப்பான்," என்றான்.

பூய்-யீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

ஜுரம் விட்ட பிறகு, சீ-ஹொங்கின் மேனேஜர் வீட்டு முழுமாத விருந்து வந்தது. மேஜையில் சாயமேற்றிய சிவப்பு முட்டைகள். பூய்-யீ தட்டைத் தள்ளி வைத்தாள்.

மேனேஜரின் மனைவி ஒரு சிறு பெட்டியைத் திறந்தபடி வந்தாள். உள்ளே ஒரு முயல் காசு. "எங்க பையனும் முயல்தானே! பொறந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் குடுத்தது. ஆமா, இதை யாருங்க கடிச்சது?"

"நான்தான் மேடம்," என்று இளித்தான் சீ-ஹொங். "அசலான்னு பாத்தேன்."

வெள்ளி முயலின் காதருகே, விளிம்பில் இரண்டு பல் தடம். நடுவே ஒரு பல் அகலத்துக்கு இடைவெளி. வீட்டிலிருந்த காசில் இல்லாதது அதுதான்.

பூய்-யீ காசை எடுத்துக் கணவனின் வாய்க்கு நேரே நீட்டினாள். எச்சில் பண்டத்தைத் தொடுவதுபோல் இருந்தது அவள் முகம்.

"இன்னொருக்கா கடிங்க. பொருந்துதான்னு மேடம் பாக்கட்டும்."

சீ-ஹொங் வாயை இறுக மூடிக்கொண்டான். அவனுக்கு எல்லாப் பல்லும் இருந்தன.

முன்பல் ஒன்று இல்லாதவர் அப்பா. "பல்லு போகுதா, முயலு போகுதான்னு பாப்போம்" என்று சிரித்து, பேத்தியின் விருந்தன்று காசைக் கடித்து பூய்-யீயின் கையில் வைத்தவர்.