அவள் கேட்ட ஆறு மாதம்

மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து கொடுக்கும் அலுவலகம் அது. எட்டுப் பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுவார்கள். ஒன்பதாவது ஆளான பெரியக்கா அவர்கள் தட்டியதைப் படித்துத் திருத்துவாள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. வாசலில் நிற்கும் காவலாளி, அவளைவிட வயதில் மூத்தவர், அவருக்கும்கூட அவள் பெரியக்காதான்.

எட்டுப் பேரில் வேகமானவள் மின்னல். விரல்களுக்கு வைத்த பெயர் ஆளுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பெரியக்காவின் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேட்கணும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாசமாச்சு. வலது கையும் காலும் இன்னும் அசையல. பேச்சும் சரியா வரல. ஆறு மாசத்துக்கு நான் வீட்லேருந்தே வேலை பாக்கட்டுமா? வாரத்துல ஒரு நாள் இங்க வந்துடறேன். ஒரு ரிப்போர்ட்கூடக் குறையாது.”

“இங்க யாரும் அப்படிப் பண்ணதில்லையேம்மா.”

“தெரியும்க்கா. அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். நீங்க எழுதிக் குடுத்தா மேனேஜர் சார் மாட்டேன்னு சொல்ல மாட்டார்.”

அவள் கேட்ட விதம்தான் பெரியக்காவைச் சுட்டது. குரல் தழையவில்லை, கண் கலங்கவில்லை. பக்கத்து மேசையில் பேனா இரவல் கேட்பதுபோல ஆறு மாதத்தைக் கேட்டுவிட்டாள்.

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா திரையைப் பார்த்தாள். அதன் பிறகு ஒரே பத்தியை நான்கு தடவை படித்தும் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பெரியக்காவின் அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போனாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பகலுக்கு ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு எட்டரைக்குக் கிளம்பினால், திரும்ப ஆறரை ஆகும். ஒரு வியாழக்கிழமை மதியம் அம்மாவின் உயிர் பிரிந்தபோது, பெரியக்கா யாரோ ஒருவருடைய முழங்கால் அறிக்கையில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

இப்போது நேற்று வந்தவள் ஒருத்தி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சம்பளமும் வாங்குவாளாம். நமக்கு இல்லாத கொடுப்பினை இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே மேலாளரிடம் போய், “நோயாளிங்க விவரமெல்லாம் வெளியே போற விஷயம் சார். எனக்குச் சரியாப் படல” என்றாள்.

மேலாளர் நல்ல மனிதர். எதையும் உடனே முடிவு செய்யமாட்டார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. “ஒரு நடை அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், வேலை பாக்க வசதி இருக்கான்னு பாத்துட்டு எழுதிக் குடுங்களேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்” என்றார்.

சனிக்கிழமை காலை பெரியக்கா போனாள். குறை கண்டுபிடிக்கத்தான் போனாள். அதைத் தனக்குத்தானே மறைக்கவும் இல்லை.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலோரமாக அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், சலவைச் சட்டை. விழுந்ததிலிருந்து அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பெரியக்காவைப் பார்த்ததும் இடது கையால் நாற்காலியைக் காட்டி, மரியாதையாக, “நாளைக்கு” என்றார்.

“உட்காரச் சொல்றார்க்கா” என்றாள் மின்னல்.

“நாளைக்கு, நாளைக்கு” என்றார் அவர் மகளைப் பார்த்து, கொஞ்சம் அதட்டலாக.

“டீ போடாம நிக்கறேன்னு திட்டறார். இருப்பா, போடறேன். வந்தவங்க மூச்சு விட வேணாமா?”

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. மின்னல் போகிற போக்கில் தன் முந்தானையால் அந்த வாயோரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். அவளும் பார்த்துச் செய்யவில்லை, அவரும் கூசவில்லை. பெரியக்காவால் அதற்கு மேல் அங்கே பார்க்க முடியவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

மேசை இருந்தது. நாற்காலி, விளக்கு, இணைய இணைப்பு எல்லாம் இருந்தன. கதவு மட்டும் இல்லை, ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. பெரியக்காவுக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது.

“ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கக்கா, சரி பண்ணிடறேன்” என்றாள் பின்னால் டீயோடு வந்த மின்னல்.

“ஒண்ணுமில்ல” என்றாள் பெரியக்கா.

திங்கட்கிழமை அவள் எழுதிக் கொடுத்தாள்: அறைக்குக் கதவு இல்லை, நோயாளிகளைப் பற்றிய தகவல் வீட்டிலுள்ளவர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு, பரிந்துரைக்க இயலவில்லை.

மேலாளர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வீட்ல இருக்கிறது அவ அப்பா ஒருத்தர்தானே?”

“ஆமா சார்.”

“அவரால ஒரு வார்த்தைதானே பேச முடியும்னு சொன்னாங்க. அவர் கண்ணுல பட்டா யார்கிட்ட போய்ச் சொல்லப் போறார்?”

“கதவே இல்லையே சார்” என்றாள் பெரியக்கா.

“கதவு ஒரு நாள் வேலை. அதுக்காக வேணாம்னு எழுதற ஆள் இல்ல நீங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க அம்மா படுத்திருந்தப்ப நீங்க பட்டது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன், இவங்க ஏன் ஒரு வார்த்தை கேட்கமாட்டேங்கறாங்கன்னு.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?”

“குடுத்திருப்பேனே. அப்பவும் இதே வேலைதானே? அழுத பிள்ளைக்குத்தானேம்மா பால். நீங்க வாயே திறக்கல. ஆபீஸ் வந்தா உங்களுக்கு ஆறுதலா இருக்கு போலன்னு நான் விட்டுட்டேன்.”

பெரியக்கா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். ஆட்கள் வராத மேல்படியில் உட்கார்ந்தாள். முதலில் மேலாளர்மேல் கோபம் வந்தது. ‘நினைச்சாராம், நினைச்சவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?’ அந்தக் கோபம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறுதலாகத்தான் இருந்தது. எட்டரை மணிக்கு வீட்டுக் கதவைச் சாத்தியதும் உடம்பே லேசாகிவிடும். மருந்து வாடை இல்லாத பேருந்து. அம்மாவின் முனகல் கேட்காத, குளிரூட்டிய அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் திங்கள் எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் கிடைக்காது என்று நினைத்து அவள் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டால் கிடைத்துவிடுமோ என்றுதான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கப்போகிற ஆறு மாதத்தின்மேல் பெரியக்காவுக்குப் பொறாமை இல்லை. அப்பாவின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறதே, கூச்சமில்லாமல் அந்த வாயோரத்தைத் துடைக்கிறதே அந்தக் கை, அதன்மேல்தான். அது யார் எழுதிக் கொடுத்தும் வருவதில்லை.

அன்றே வேறு தாளில் எழுதினாள்: வசதி போதுமானது, பரிந்துரைக்கிறேன். கையெழுத்துப் போடும்போதும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் போட்டாள்.

மின்னல் வீட்டிலிருந்து தட்டத் தொடங்கினாள். சொன்னபடியே ஒரு அறிக்கைகூடக் குறையவில்லை. சந்தேகம் கேட்கத் தினமும் இரண்டு தடவை போன் செய்வாள். பின்னணியில் அப்பாவின் குரல் கேட்கும். அவள் பேச்சை நிறுத்தி அவருக்குப் பதில் சொல்வாள். அப்போதெல்லாம் பெரியக்கா, “சீக்கிரம் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு” என்று அதட்டுவாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் போனில் சந்தேகம் எதுவும் வரவில்லை. மூச்சுதான் கேட்டது.

“என்னடி?”

“நேத்து அவர்மேல கத்திட்டேன்க்கா. தட்டைத் தள்ளிவிட்டார். நாலாவது தடவை. ‘நீ போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு நிம்மதி’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர் அந்த ஒரு வார்த்தையைக்கூடப் பேசல. எனக்கு ஆபீஸுக்கே ஓடி வந்துடலாம் போல இருக்கு. நான் என்ன மனுஷி?”

பெரியக்காவுக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். ‘வா, நீயும் இந்தப் பக்கம்தான்’ என்கிற சந்தோஷம். மறு நொடியே காது சுட, போனை மறு கைக்கு மாற்றினாள்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள். “எங்கம்மா இருந்த எட்டு மாசமும். நான் ஓடி வந்து இங்கேயே உட்கார்ந்துக்கிட்டேன்.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“நீ இங்க வர்ற நாள்ல அவரை யார் பாத்துக்கறாங்க?”

“அத்தைதான்க்கா. இன்னும் ரெண்டு நாள் கூப்பிட்டாலும் வருவாங்க. எப்படிக் கூப்பிடறதுன்னுதான்...”

“ஆறு மாசத்தைக் கேட்டவளுக்கு அத்தைகிட்ட ரெண்டு நாள் கேட்க வாய் வராதா? கூப்பிடு. வாரத்துல மூணு நாள் இங்க வா. சார்கிட்ட நான் சொல்லிக்கறேன். இப்ப போனை வெச்சுட்டு அப்பா பக்கத்துல போய் உட்காரு. பேசலைன்னாலும் உட்காரு.”

அடுத்த வாரம், அந்த மூன்று நாளில் முதல் நாள், மின்னல் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. பையை வைத்ததும் ஹெட்போனை மாட்டி, பழைய வேகத்தில் தட்டினாள். பதினோரு மணிக்குள் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மூன்றாவது தடவை, “நாளைக்காப்பா?” என்று சத்தமாகச் சிரித்தாள்.

பெரியக்கா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். உள்ளே சுருக்கென்றது. பிறகு தனக்கும் அவளுக்குமாக இரண்டு டீ கொண்டுவரச் சொன்னாள்.