சுடாத துப்பாக்கி

தன் துப்பாக்கிக் கடையில் லைல் மூன்றாவது துப்பாக்கியையும் எடுத்து வந்து பச்சைத் துணியின் மேல் கிடத்தியபோது, மார்லிஸ் கைகளைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டாள்.

“எடுத்துப் பாரு. கடிக்காது.”

“அப்பா கேட்டது இதுல எது?”

“உன்கிட்டச் சொல்லலியா?”

“மூணு வாரமா உங்க கடை விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தாரு. கடைசில, ‘நீயே போய்ப் பாத்து எடு, லைல் சொல்ற மாதிரி செய்’னுட்டாரு.”

லைல் சிரித்தார். எழுபத்தாறு வயதில் அவருக்கு மிச்சமிருந்த முடியெல்லாம் மீசையில்தான் இருந்தது. மார்லிஸுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அவளைத் தெரியும்.

“இது அறுபதாம் வருஷத்து மாடல். ஆயிரத்து எண்ணூத்தி அறுபது. குழலுக்குக் கீழ மரம் கிடையாது, பத்து தடவை சுட்டா உள்ளங்கை வெந்துரும். இந்த மஞ்சள் அறுபத்தாறு. பித்தளை, பாக்க அழகு, கனம் சாஸ்தி. இது எழுபத்துமூணு. பக்கவாட்டுல தோட்டா போடுற வாசல் இருக்கு பாரு. உங்க வீட்டுல இருந்துச்சே, அதே மாடல்.”

மூன்றும் இத்தாலியில் செய்த நகல்கள். பழசைப் போலவே லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானே வந்து உட்காரும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே சரளைக்குழியில் பழங்காலத் துப்பாக்கி சுடும் கழகத்துக்காரர்கள் அகலத் தொப்பியும் கழுத்துத் துணியுமாகக் கூடி, இவற்றால்தான் இரும்புத் தட்டுகளைச் சுடுவார்கள். புதுக்காலத் துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. மார்லிஸின் அப்பா எவரெட் முப்பது வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் போனவர். இப்போது கூடத்து ஜன்னலோரம் போட்ட மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். ஈரலில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது. செவிலி பன்னிரண்டு மணி வரைதான் இருப்பாள்.

வீட்டிலிருந்த அசல் எழுபத்துமூன்று, எவரெட்டின் தாத்தாவுடையது. மார்லிஸின் தம்பி ராய்ஸுக்குப் பதினாலாவது பிறந்தநாளில் அது கைமாறியது. அவன் இருபது வயதில் நெவாடாவில் ஏதோ ஒரு வாரக்கடைசியில் அதை விற்றுவிட்டு வந்தான். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதற்குப் பிறகு யார் யாருடையதையோ இரவல் வாங்கித்தான் சுட்டார்.

“தோள்ல வச்சுப் பாரு” என்றார் லைல், எழுபத்துமூன்றை அவள் பக்கம் திருப்பி.

“எனக்கெதுக்கு? நானா சுடப் போறேன்?”

லைல் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஏற்கெனவே பளபளத்த லீவரைத் துணியால் துடைத்தார்.

மார்லிஸ் அந்தத் துணியைப் பார்க்கவில்லை. அவள் கண்ணில் நின்றது பக்கத்துப் பண்ணை ஹார்லனின் கொட்டகை. அப்பாவுக்கு வந்த அதே வலிதான் ஹார்லனுக்கும். போன அக்டோபரில் ஒரு நாள் அவர் கொட்டகைக்குப் போனார். வெடிச்சத்தம் கேட்டு ஓடியவர் அவர் மனைவி. அந்த வாரமே மார்லிஸ் தான் வசிக்கும் பில்லிங்ஸ் நகரிலிருந்து வண்டியோட்டி வந்து, அப்பா வீட்டிலிருந்த நான்கு புதுக்கால வேட்டைத் துப்பாக்கிகளையும் போர்வையில் சுருட்டி எடுத்துப்போனாள். அப்பா சமையல்கட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “கதவைச் சாத்திட்டுப் போம்மா, குளிருது” என்றார். அவ்வளவுதான்.

இப்போது மார்ச். இரண்டு வேளை மருந்து நான்கு வேளையாகிவிட்டது. இந்த நேரத்தில் துப்பாக்கி கேட்கிறார்.

“அது என்ன?” என்று சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் காட்டினாள்.

“அதுவா? பொம்மை. ஓட்டல்ல வாசலுக்கு மேல மாட்டுறது. குழலை ஈயம் ஊத்தி அடைச்சிருக்கும். ஒரு தோட்டாவும் உள்ள போகாது.”

“லீவர் அசையுமா?”

“அசையும். ஆனா மார்லிஸ்…”

“அதையே குடுங்க. அவருக்குக் கையில வச்சுக்கத்தானே வேணும்.”

லைல் துணியை மடித்து வைத்தார். அப்புறம் ஏணியை எடுத்து வரப் போனார்.

*

எவரெட் அன்று முகம் மழித்திருந்தார். செவிலியைச் செய்யச் சொல்லியிருக்கிறார். மார்லிஸ் நீண்ட அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்ததும், கட்டிலின் முதுகுப்பக்கத்தை உயர்த்தச் சொல்லிக் கையசைத்தார்.

“எழுபத்துமூணா?”

“எழுபத்துமூணுதான்.”

“எனக்குத் தெரியும். அந்தப் பித்தளையெல்லாம் உனக்குப் பிடிக்காது.”

பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அவர் உடனே தொடவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு பின்கட்டையிலிருந்து முன்னால் வரை ஒரு கையால் தடவிக்கொண்டு போனார், குதிரையின் கழுத்தைத் தடவுவது போல. லீவரை இறக்கினார். ஏற்றினார். தகரம் தகரத்தில் பட்ட மாதிரி ஒரு சத்தம். பக்கவாட்டு வாசலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது அழுந்தவில்லை. வெறும் கோடு.

மார்லிஸ் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

“நல்லா இருக்கு” என்றார் எவரெட்.

“கனம் போதுமாப்பா?”

“போதும்.” சற்றுப் பொறுத்து, “தோள்ல வச்சுப் பாத்தியா?”

“இல்ல.”

“லைல் சொல்லலியா?”

“சொன்னாரு. நான்தான் வைக்கல.”

அவர் தலையாட்டினார். துப்பாக்கியை மடியிலிருந்து போர்வைமேல் நகர்த்தினார். வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுவதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கை, ஏதோ கேட்க வருவது போல, போர்வையின் விளிம்பில் இரண்டு முறை எழுந்து எழுந்து அடங்கியது. ஏதாவது கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். ஹார்லனைப் பற்றி, அக்டோபரைப் பற்றி, வண்டியோட்டி வரும் நூற்றிருபது மைலும் தன்னோடு கூடவே வரும் பயத்தைப் பற்றி. அவர் கேட்டது தண்ணீர்தான். மார்லிஸ் எழுந்து போய்க் கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை அவள் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது செவிலி கூடத்திலிருந்து அவள் பெயரைச் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். முட்டைகளைக் குளிர்ந்த நீரில் போட்டாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

*

அடக்கம் முடிந்து எல்லாரும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு இறங்கினார்கள். பன்றித்தொடைக் கறியும், மேலே உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட இறைச்சித் தட்டுகளும், பச்சை ஜெல்லிப் பலகாரமும் நீள மேசையில் இருந்தன. இன்னொரு மேசையில் எவரெட்டின் படங்கள், தொப்பி. அவற்றின் நடுவே அந்தப் பொம்மைத் துப்பாக்கி. ராய்ஸ்தான் கொண்டு வந்து வைத்திருந்தான்.

“அக்கா, அப்பாவுக்குக் கடைசில இதை வாங்கிக் குடுத்தது நீதானாமே” என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. “நான் தொலைச்சதை நீ கொண்டு வந்துட்ட.”

“இது அது இல்ல, ராய்ஸ்” என்றாள்.

லைல் காபிக் கோப்பையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கழுத்துப்பட்டை அவருக்கு இறுக்கமாக இருந்தது. வெகுநேரம் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லக் கூடாதுன்னு உங்கப்பன் சத்தியம் வாங்கிட்டான். இனிமே யாருக்குச் சத்தியம்? நான் சொல்றேன்.”

“என்ன?”

“அவன் கேட்ட துப்பாக்கி அவனுக்கு இல்ல. உனக்கு.”

மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ராய்ஸுக்குக் குடுத்துட்டேன், இவளுக்கு நான் ஒண்ணும் தேர்ந்தெடுத்துக் குடுக்கலியேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். எதை எடுக்கணும்னு மூணு வாரமா தினம் எனக்குப் போன். அவ கை நீளம், பின்கட்டை சரியா வருமா, கனம் தாங்குவாளா. நான் சொன்னேன், டேய், ஆளைப் பாக்காம எப்படிச் சொல்றது, கடைக்கு அனுப்பு, தோள்ல வச்சுப் பாக்கட்டும்னு.”

“வீட்டுல…” என்றாள் மார்லிஸ்.

“வீட்டுக்கே கொண்டு வர வேணாம்னான். கடையிலயே இருக்கட்டும், இங்க கொண்டு வந்தா அவ பயப்படுவான்னான். ஏப்ரல் மாசப் போட்டிக்கு உன் பேரைக்கூடக் கழகத்துல குடுத்துட்டான். எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் வேணும்ல. உனக்கு ‘டப்பாக்காரி’ன்னு எழுதியிருக்கான்.”

ராய்ஸ் சுடப் பழகிய கோடை முழுக்க, வேலிக் கம்பங்களின்மேல் தகர டப்பாக்களை அடுக்கியவள் மார்லிஸ். விழுந்ததைப் பொறுக்கி வந்து திரும்ப அடுக்குவாள். தனக்கும் ஒரு முறை வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. தரவில்லையே என்று அப்பா நினைத்திருப்பார் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை.

“அந்தப் பொம்மையை நீ குடுத்தப்புறம், மறுநாள் எனக்குப் போன் பண்ணான்” என்றார் லைல். “நான் மன்னிப்புக் கேட்டேன். என்னால உன்னைத் தடுக்க முடியலன்னு. பேச்சே சரியா வரல அவனுக்கு. ‘விடு லைல், அவ என்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா’ன்னான்.”

படிக்கட்டில் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈரப் பூட்ஸுகளைத் துடைக்கும் சத்தம். யாரோ மார்லிஸின் முதுகைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நன்றி என்றாள்.

“அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாம்” என்றாள் பிறகு.

“ஆமா. சொல்லியிருக்கலாம்.”

லைலின் காபி ஆறிவிட்டது. கோப்பையைப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கையை மடக்கு” என்றார்.

“இப்பவா?”

“மடக்கேன்.”

அவள் வலது கையை முழங்கையில் மடக்கினாள். கறுப்புச் சட்டையின் மடிப்பில் கட்டைவிரலை ஊன்றி, லைல் கையை விரித்து ஒரு சாண் வைத்தார். அங்கிருந்து அரைச் சாண். அவளுடைய ஆட்காட்டி விரலின் முதல் கணுவில் வந்து நின்றது. உதட்டுக்குள் ஏதோ கணக்கிட்டார். “எழுபத்துமூணோட பின்கட்டையில அரை அங்குலம் குறைக்கணும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையை எடுத்தார்.

தேவாலயத்துப் பெண்ணொருத்தி கறித்தட்டை ஏந்தி வந்து, என்ன செய்கிறார்கள் என்று புரியாமல், ஓரடி தள்ளி நின்றாள். லைல் தட்டை வாங்கிக்கொண்டார். மார்லிஸ் மடக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.