பால்டோ மாமா போட்ட சத்தம்

காட்டு விலங்குகளைப் படம்பிடிக்கும் யாஸ்னாவுக்குத் தன் கேமராவைவிட, எதிர்ச் சரிவில் புல்லோடு புல்லாகப் பதுங்கியிருந்த பெண் பூமாவின்மீதுதான் நம்பிக்கை அதிகம். படகோனியாவின் இந்தப் பக்கத்தில் அதைப் பூமா என்று யாரும் சொல்வதில்லை. பிடரிமயிர் இல்லாவிட்டால் என்ன, சிங்கம்தான்.

"சிங்கம்னா ஆட்டைத்தான் தின்னும். பொறந்ததுலேருந்து பாக்குறேன்," என்றார் பால்டோ மாமா, மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே. நிலம் அவருடையது, ஆடுகளும் அவருடையவை. போன வாரம் கழுத்து கடிபட்டுச் செத்ததும் அவருடைய ஆடுதான். நாளைக் காலை நாய்க்காரன் சாந்தாலியோ தன் வேட்டைநாய்களோடு வருவதாக ஏற்பாடு. நாய்கள் வந்தால் இந்தப் பூமா சாயங்காலம் வரை தாங்காது.

"அதைக் கடிச்சது இவ இல்ல, மாமா. இவளுக்குக் குவானாக்கோதான். சீசன் முழுக்க இவ பின்னாலயே அலையுறேன், எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா நாய்க்காரன் திரும்பிப் போயிடுவானா?"

"நான் சொல்லல. உங்க கண்ணால பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"பாத்தா ஒத்துக்குறேன். இல்லன்னா நாய்தான்."

"சரி. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

கீழே சமவெளியில், திமிலில்லாத சின்ன ஒட்டகம் போன்ற குவானாக்கோக்களின் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு நின்ற கிழட்டு ஆண் மட்டும் நீண்ட கழுத்தைத் தூக்கி வேறு பக்கம் பார்த்தது. காற்று பூமாவுக்குச் சாதகம். அது வயிறு தரையில் உரச நகர்ந்தது. வழியில் மாமாவின் ஆடு ஒன்று, ஆட்டு மந்தையை விட்டுப் பிரிந்து, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அசை போட்டுக்கொண்டு நின்றது. யாஸ்னா மூச்சை அடக்கினாள். பூமா அதைத் தாண்டிப் போயிற்று.

"திரும்பிக்கூடப் பாக்கலையே," என்று மாமா கிசுகிசுத்தார். "என் ஆடுன்னா அவ்வளவு இளக்காரமா?" அவருக்கு அது கொஞ்சம் அவமானமாகவே பட்டது.

பூமா கடைசிப் புதருக்கு வந்து பின்னங்கால்களை ஒடுக்கியது. இவ்வளவு நாள் குளிரில் கிடந்து காத்திருந்த காட்சி இதுதான். யாஸ்னா கேமராவில் கண்ணைப் பதித்தாள். பக்கத்தில் மாமா முட்டிபோட்டு நிமிர்ந்ததை அவள் கவனிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் குதிரைப் பந்தயத்தில் கயிற்றோரம் நின்று தொண்டை கிழியக் கத்திப் பழகிய மனுஷன் அவர்.

"இப்போ! பாயுடி என் ராசாத்தி!"

மலை அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. காவல் குவானாக்கோ கனைத்தது. மந்தை புழுதியாகப் பறந்தது. பூமா எழுந்து நின்று இவர்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பாறைகளை நோக்கி நடந்தது. பாறையிடுக்கிலிருந்து இரண்டு குட்டிகள் ஓடிவந்து அதன் வாயை முகர்ந்தன. அங்கே ஒன்றும் இல்லை.

"மாமா!" யாஸ்னாவுக்கு அவரைச் சரிவில் உருட்டிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. "ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலையா உங்களால?"

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். "குட்டி வேற இருக்கா? சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க கேட்டீங்க?"

குட்டிகள் தாயின் பின்னால் மறைகிற வரை பார்த்திருந்துவிட்டு, மாமா இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார்.

"சாந்தாலியோ, நாளைக்கு நாயைக் கொண்டு வராத."

"ஏன்? ஆட்டைத் தின்னுட்டு ஓடிருச்சா?" என்று கரகரத்தது பெட்டி.

"இல்லப்பா," என்றார் மாமா. "புள்ளக்காரி இன்னிக்குப் பட்டினி. என்னாலதான்."