மூன்றாவது தொட்டி

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம். வலது பக்கம் ஒடிங்க. லேசா... லேசாங்கறேன்ல! நிப்பாட்டு, நிப்பாட்டு!"

டாக்ஸிக்காரர் வண்டியின் பின்கதவைப் படபடவென்று தட்டினார். தட்டிய பிறகுதான் அது என்ன வண்டி, யாருக்காக வந்த வண்டி என்பது அவருக்கு உறைத்தது. தன் மனைவியை ஏற்றிப்போக வந்த அமரர் ஊர்திக்கு அவரே நின்று ரிவர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன். ஒரு வண்டி பின்னால் வருவதைப் பார்த்தால் கை தானாக எழுந்துவிடுகிறது, என்ன செய்வது?

ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். வண்டியின் பம்பர் ஒரு குளியல் தொட்டியின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. தொட்டிக்குள்ளிருந்து ஓர் அத்திமரம் கிளம்பி மாடி ஜன்னல்வரை போயிருந்தது.

"இடம் பத்தாதுண்ணே. எப்பவும் வர்ற சின்ன வண்டி வேற சவாரிக்குப் போயிருக்கு. இது புதுசு, நீளம் ஜாஸ்தி. இந்த வளைவுல திரும்பாது. என்னண்ணே இது, தெருவுல போய் குளிக்கிற தொட்டியை வெச்சிருக்காங்க?"

"அவதான் வெச்சா" என்றார் டாக்ஸிக்காரர், வீட்டுப் பக்கம் தலையை ஆட்டி.

அவள்தான் வைத்தாள். அந்தச் சின்னத் தெருவில் வலதும் இடதுமாக மாறி மாறி நிற்கும் ஆறு தொட்டிகளும் அவள் வைத்தவை. தெருவின் அந்தக் கோடி படிக்கட்டில் போய் முடிகிறது. இந்தக் கோடி வழியாகத்தான் எந்த வண்டியும் வரவேண்டும். வந்துகொண்டும் இருந்தது, ஹார்ன் அடித்துக்கொண்டு, புகை விட்டுக்கொண்டு, வீட்டுப்படியில் உட்கார்ந்திருப்பவர்களின் கால் விரலை நசுக்கிவிடுகிற மாதிரி. இவள் தெருக்காரர்களைத் திரட்டி, நகராட்சிக்கு நடையாய் நடந்து, காரே வரக்கூடாத தெருவாக்கிவிட்டாள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் அனுமதி, அது வளைந்து வளைந்து வந்துவிடும். நிஜ ஆம்புலன்ஸ் ஒன்றைக் கெஞ்சி வரவழைத்து, அதை ஓடவிட்டு அளவெடுத்துத்தான் தொட்டிகளை வைத்தாள். இந்தப் பெரிய வண்டிக்கு அளவெடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். படுக்கப்போகுமுன் அவருக்குப் போன் செய்து, சாயந்திரம் சீக்கிரம் வரமுடியுமா என்று கேட்டாள். "வண்டியை மெயின் ரோட்டுல நிறுத்திட்டு நடந்துல்ல வரணும், லேட்டாத்தான் ஆகும்" என்று வழக்கம்போல் ஒரு குத்து குத்தினார். "நடங்க, நடங்க. தொப்பையாவது குறையும்" என்று வைத்துவிட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தையல்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மகள் அழுத கண்ணோடு வாசலுக்கு வந்து நின்றாள். எல்லாரையும் விலக்கிக்கொண்டு பழைய இரும்புக்கடைக்காரர் வந்தார். கையில் கடப்பாரை, பின்னால் அவர் கடை ஆட்கள்.

அவரைப் பார்த்ததும் டாக்ஸிக்காரர் ஓரடி தொட்டிப் பக்கம் நகர்ந்து நின்றார்.

இரும்புக்கடைக்காரருக்கும் செத்துப்போனவளுக்கும் உள்ள தகராறு ஊரறிந்தது. அவள் ஒரு பெரிய லாட்ஜில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அறைகளைப் புதுப்பிக்க, வார்ப்பிரும்புத் தொட்டிகளைப் பெயர்த்துப் போட்டார்கள். எடைக்கு எடுத்துக்கொள்வதாக இவர் பேசி முடித்துவிட்டு மினி லாரியோடு போனால் ஒரு தொட்டிகூட இல்லை. மேனேஜரிடம் பேசி அவள் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். இவர் நேராக வாசலுக்கு வந்து கத்தினார்.

"அக்கா, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"உங்க பொழப்புல போடலை தம்பி. தொட்டியிலதான் போடப்போறேன். வந்து ரெண்டு கூடை நீங்களும் போடுங்க" என்றாள் அவள், கொஞ்சங்கூட அசராமல்.

போதாக்குறைக்கு, அந்தத் தொட்டிகளைத் தெருவில் வைத்தால் அவருடைய மினி லாரியும் கடை வாசலுக்கு வரக்கூடாது என்றாகிவிடும். எந்த மனுஷனுக்குத்தான் பற்றி எரியாது? மனுமேல் மனுவாகப் போட்டார். நகராட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டி, கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நினைத்தபோது நகர்த்தக்கூடிய தொட்டியாக இருந்தால் இருக்கட்டும். தரையில் மரம் கிரம் நட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம்.

இப்போது அந்த இரும்புக்கடைக்காரர் கண் சிவந்து நின்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதிருந்தார்.

"அண்ணே, நீங்க கவலைப்படாதீங்க. இந்த மூணாவது தொட்டிதான் இடிக்குது. ஆளுக்கு ஒரு பக்கம் நெம்பினா ஒரு முழம் நகராதா? அக்கா வாசல்லருந்தே ஏறிப் போகட்டும்."

"வேண்டாம்" என்றார் டாக்ஸிக்காரர்.

"காரியம் முடிஞ்சதும் பழையபடி நானே தள்ளி வெச்சிடறேன். சத்தியமா. இன்னிக்குப் போய் நான் சண்டை போடுவேனா?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

மகளுக்குப் புரியவில்லை. "என்னப்பா இது? தினமும் இந்தத் தொட்டியைக் கரிச்சுக் கொட்டாம நீங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்லையே."

உண்மைதான். கார் ஓட்டிப் பிழைக்கிறவன் வீட்டுக்கு நடந்து வருகிற கொடுமை உலகத்தில் எங்காவது உண்டா என்று தெருவே கேட்கப் புலம்பியவர் அவர். அது மட்டுமில்லை. சவாரியை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கவேண்டும் என்பது அவர் தொழிலில் வைத்திருந்த மரியாதை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டவர், கட்டினவளை ஒருநாளாவது வாசலில் ஏற்றியதில்லை. போன வாரம் டாக்டரிடம் போனபோதுகூட அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் மெயின் ரோட்டுக்கு வந்தாள். இன்றைக்காவது அவள் வாசலில் ஏறவேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் அங்கே யாருமில்லை. அந்த ஆசையில்தான் காலையிலிருந்து தெருமுனையிலேயே நின்றிருந்தார்.

ஆனால் தொட்டியை நகர்த்த முடியாது. ஏனென்றால் அதற்கு அடியே இல்லை.

இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி உள்ளே பெட்டியில் படுத்திருக்கிறாள்.

நிபந்தனை வந்த கையோடு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அவர் கார் விடும் மெக்கானிக் ஷெட்டில் அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, சம்மட்டியால் அடியை உடைத்ததே இவர்தான். அவள் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து, "இன்னும் இந்தப் பக்கம். என்ன, பூவா பறிக்கிறீங்க? போடுங்க ஓங்கி!" என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். இது தப்பில்லையா என்று அவர் கேட்டதற்கு, "தொட்டியில வளந்தா அது செடிங்க. கால் தரையில பட்டாத்தான் மரம். எனக்கு நிழல் வேணும்" என்றாள். அப்புறம் தெருவில் வைக்கும்போது மட்டம் பார்க்கிறேன் என்று சொல்லி அடியில் தெருவில் பாவியிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுற்றிலும் அழகுக்கு என்று ஒரு வரிசை செங்கல் அடுக்கினாள். எமகாதகி!

மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. குளியல் தொட்டியில் இப்படி ஒரு மரமா என்று தெருவே வாய் பிளந்தது. "எல்லாம் உங்க வீட்டுப் பழத்தோலு. நீங்க போடற குப்பைதான் மரமா நிக்குது" என்று முகம் மாறாமல் சொன்னாள். அதோடு போயிற்றா? அதுவரை குப்பை வாளியைப் பார்த்தாலே மூக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் சமையலறைக் குப்பையைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தையல்காரம்மா, மூன்றாவது தொட்டிக்கு உரம் போடுகிறவள் நான்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அத்திப்பழம் அனுப்பினாள். நகராட்சி அதிகாரியே வந்து பார்த்து, தொட்டியை ஒரு தட்டு தட்டி, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சமையலறைக்குள் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பின்னாலேயே வந்த அவள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

இன்றைக்கு ஒரு நெம்பு நெம்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும். பிணம் தெருவைத் தாண்டுமுன் அவள் பெயர் நாறும். அதுவும் யார் கையால்! நிபந்தனையை வாங்கிக் கொடுத்தவர் கையாலேயே.

"அவருக்கு மனசு சரியில்ல. நீங்க வேலையைப் பாருங்க" என்றாள் தையல்காரம்மா.

"ஐயோ, கேளுங்களேன்" என்று டாக்ஸிக்காரர் முன்னால் பாய்வதற்குள் இரும்புக்கடைக்காரர் குந்தி உட்கார்ந்து இரண்டு செங்கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டார். கடப்பாரையை உள்ளே விட்டார். அது எதிலும் முட்டாமல் மண்ணுக்குள் சரசரவென்று இறங்கியது.

அவர் முகம் சுருங்கியது. கடப்பாரையை உருவி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். இரும்பைத் தொட்டுத் தொட்டே காய்த்துப்போன கை. அதற்கு எங்கே இரும்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று கண் சொல்லவேண்டியதில்லை. கையில் தட்டுப்பட்டது ஒரு வேர், நல்ல கனமான வேர்.

கையை வெளியே எடுக்காமலேயே தலையைத் தூக்கி டாக்ஸிக்காரரைப் பார்த்தார்.

டாக்ஸிக்காரர் ஒரு பொய்யாவது சொல்லலாம் என்று பார்த்தார். கடைசியில் அவர் பக்கத்தில் தானும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"டேய், கடைக்குப் போய் தடிச்ச கயிறு எடுத்துட்டு வாங்கடா. எல்லாரும் போங்க" என்று இரும்புக்கடைக்காரர் ஆட்களை விரட்டினார். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார். "அடியை என்ன பண்ணீங்க?"

"உடைச்சோம்."

"அது தெரியுது. உடைச்ச துண்டை?"

டாக்ஸிக்காரர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னன்னு சொல்லாம மெக்கானிக் மூலமா... உங்க கடையிலதான் எடைக்குப் போட்டோம்."

இரும்புக்கடைக்காரர் ஒரு கணம் அவரையே வெறித்தார். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கூட்டத்திலிருந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்தார்கள். டாக்ஸிக்காரருக்குத்தான் தெரிந்தது, அவர் முதலில் சிரித்தார், அப்புறம்தான் அழுதார். "அக்கா... அக்கா..." என்றார். "இனிமே நான் யார்கூட அக்கா மல்லுக்கட்டுவேன்?"

டாக்ஸிக்காரர் நேற்றிலிருந்து அழவில்லை. இப்போது மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண்ணானது.

ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். இரும்புக்கடைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"நகராதுப்பா! இது என்ன எடைன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். காலமெல்லாம் இரும்பு தூக்கினவன் சொல்றேன், யாரும் கையை வைக்காதீங்க. வண்டி தெருமுனையில போய் நிக்கட்டும். அக்காவை நாம தூக்கிட்டுப் போவோம்."

"அவ்வளவு தூரமா?" என்றாள் தையல்காரம்மா.

"அவங்க நடந்த தூரந்தானே? ஓட்டுநர் தம்பி, வண்டியை முன்னால எடுங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள், இரும்புக்கடைக்காரரைப் பார்த்தாள். என்னமோ நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். ஆனால் ஒன்றும் கேட்காமல் அப்பாவின் முகத்திலிருந்த மண்ணைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் இரும்புக்கடைக்காரர் தோள் கொடுத்தார், மறுபக்கம் மகள். நானும் பிடிக்கிறேன் என்று தையல்காரம்மா நடுவில் நுழைந்தாள். வாசலைத் தாண்டும்போது டாக்ஸிக்காரர் வழக்கப்படி முன்னால் ஓடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி முழுக்க வெளியே வந்தபிறகு சாத்திவிட்டுப் பின்னால் நடந்தார்.

ஒவ்வொரு தொட்டிக்கும் வளைந்து வளைந்து போகவேண்டியிருந்தது. மூன்றாவது தொட்டியருகே இடம் குறுகலானதால் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி, ஒருவர் பின் ஒருவராக அடி வைத்தார்கள். "பார்த்து... பார்த்து" என்று யாரோ சொன்னார்கள். அத்திமரத்தின் தாழ்ந்த கிளை பெட்டியின்மேல் உரசியது.

இரும்புக்கடைக்காரர் பெட்டியைத் தோளில் வைத்தபடி, குனியாமல், பெயர்த்துப்போட்ட செங்கல்லை வலது காலால் தொட்டியோடு சேர்த்துத் தள்ளினார். இன்னொன்றையும் தள்ளினார். அது சரியாக உட்காரவில்லை. பின்னால் வந்த டாக்ஸிக்காரர் அதைத் தன் காலால் அழுத்தி வைத்துவிட்டு நடந்தார்.