அழிக்க மாட்டேன்

அந்த ஆபீஸில் எனக்குப் பெயர் ரப்பர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே வைத்துவிட்டார்கள். "ரப்பர், மை காஞ்சிருச்சா பாரு", "ரப்பர், நாலாம் பக்கம் எங்க?" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நான் வரைந்த பன்னிரண்டு காமிக்ஸ் பக்கங்களைப் பெரிய காக்கி உறையில் போட்டுக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். வாராவாரம் வெளிவரும் காமிக்ஸ் பத்திரிகை அது. கீழே அச்சகம், மேலே ஆபீஸ். மிஷின் ஓடும்போது மேஜைமேல் வைத்த பென்சில் தானாக உருளும். ஆசிரியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதி குறைவதற்குள் என் பன்னிரண்டு பக்கங்களும் முடிந்துவிட்டன.

"கை ஓடுதும்மா. ஆனா பொண்ணு கை. நம்ம பத்திரிகையை வாங்குறதெல்லாம் பசங்க. அவனுங்களுக்கு அடிதடி வேணும்."

"ஆறாம் பக்கத்துல அடிதடி இருக்கு சார்."

திரும்பப் புரட்டினார். "இருக்கு. அடி வாங்குறவன் மூஞ்சியை எதுக்கு இவ்வளவு பெருசா போட்டிருக்கே?"

"வலிக்கிறது அவனுக்குத்தானே சார்."

சிரித்துவிட்டார். சிரித்தவர் வேலை தந்தார், வரைகிற வேலை அல்ல. ஓவியர்கள் முதலில் பென்சிலில் போடுவார்கள், அதன்மேல் மை இழுப்பார்கள். மை காய்ந்ததும் அடியில் உள்ள பென்சில் கோடுகளை ஒருத்தர் அழிக்க வேண்டும். கறுப்பு அடிக்க வேண்டிய இடங்களில் ஓவியர் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருப்பார்; அங்கெல்லாம் மை நிரப்ப வேண்டும். அந்த ஒருத்தர் நான்.

வீட்டில் சொன்னபோது அக்காவுக்குக் கோபம். அவள் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். "வரையறவளைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்றானா? நீயும் சரின்னு தலையை ஆட்டிட்டு வந்தியா?" என்றாள். அம்மாவின் வாயில் பல் கவ்வும் சின்ன இடுக்கி இருந்தது. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல்செட் செய்து கொடுப்பது அப்பாவின் தொழில். அவர் இறந்து ஒரு வாரம் கழித்து அம்மா அதே மேஜையில் உட்கார்ந்துவிட்டார். "பொம்பளை செஞ்ச பல்லு கடிக்குமா?" என்று கேட்ட டாக்டரிடம், "போட்டுட்டு உங்க விரலை வெச்சுப் பாருங்க" என்று சொன்னவர் அவர். எங்கள் முன்னறை முழுக்க வரிசையாகப் பற்கள் காயும். வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள்.

இரண்டு வருஷம் அழித்தேன். அந்த ஆபீஸின் சிம்மாசனம் மாஸ்டருடையது. சூறாவளி என்ற துப்பறிவாளனை வரைந்தவர் அவர். பத்திரிகை விற்றதே சூறாவளியால்தான். மாஸ்டர் யாருக்கும் எதையும் சொல்லித் தரமாட்டார், கேட்டால், "கண்ணு இருக்குல்ல?" என்பார். எனக்குக் கண் இருந்தது. மைக்கு அடியில் அவர் தடுமாறிய இடமெல்லாம் என் கைக்குத்தான் வந்தது. தோளை மூன்று தரம் மாற்றியிருப்பார். கட்டத்துக்குள் ஆள் அடங்காமல் காலை வெட்டியிருப்பார். ஓடுகிற குதிரைக்கு ஐந்து கால் போட்டு, ஒன்றை மட்டும் மை இழுக்காமல் விட்டிருப்பார். அச்சில் வந்ததைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. அவருக்கு எது வராது என்று எனக்கு மட்டும் தெரியும். சூறாவளிக்கு முகத்தில் ஒரே பாவனைதான். அடிக்கும்போதும் அதே, சாப்பிடும்போதும் அதே.

அப்புறம் ஒருநாள் மாஸ்டர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பத்து வாரம் மாவுக்கட்டு. வியாழக்கிழமை நடுப்பகலுக்குள் எட்டுப் பக்கம் அச்சகத்துக்கு இறங்கியாக வேண்டும். மற்ற ஓவியர்களில் ஒருவர் கார்தான் போடுவார், இன்னொருவருக்கு மிருகங்கள் மட்டும்தான் வரும். ஆசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் போடுறேன் சார்."

யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார். அவ்வளவு நாளாக அங்கேதான் இருக்கிறேன்!

"நீயா? சூறாவளியையா?"

"ரெண்டு வருஷமா அவனை வாரத்துக்கு எட்டுப் பக்கம் தடவிட்டிருக்கேன் சார். அவன் காது மடல் வரைக்கும் தெரியும்."

வேறு வழி இல்லாததால் சரி என்றார். அம்மா பல்லையெல்லாம் ஒதுக்கிப் பாதி மேஜையைத் தந்தார். இரண்டு பகல் எழுந்திருக்கவில்லை. அம்மா இடையிடையே எட்டிப் பார்ப்பார். ஒரு தரம் வில்லனைச் சுட்டிக்காட்டி, "இவனுக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு அதிகமா இருக்கு. சிரிச்சா தாடை மாட்டிக்கும்" என்றார். அழித்துத் திரும்பப் போட்டேன்.

வியாழன் காலை எட்டுப் பக்கத்தையும் மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை டீ ஆறிப்போய்விட்டது. கடைசிப் பக்கம் வந்ததும் ஆசிரியர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கீழ மூலையில மாஸ்டர் கையெழுத்தைப் போட்டுடு."

"படம் போடுறேன் சார். கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன், வராதா?"

"நல்லாவே வரும். ஆனா அது கள்ளக் கையெழுத்து."

"அப்ப உன் பேரைப் போடணுமா?"

"போட்டா நல்லது."

"அது மட்டும் நடக்காது." பேனாவை மூடினார். மிஷின்காரர் கீழிருந்து கத்திக்கொண்டிருந்தார். அந்த வாரம் மூலை வெறுமையாகவே அச்சுக்குப் போனது. அடுத்த வாரமும் அதே சண்டை, அதே வெறும் மூலை. பத்து வாரம் அப்படியே ஓடியது. விற்பனை குறையவில்லை. சூறாவளிக்கு ஏதோ ஆகிவிட்டது, இப்போதெல்லாம் அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று ஒரு வாசகர் கடிதம் வந்தது. அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

பதினோராம் வாரம் மாஸ்டர் வந்தார். கட்டுப் பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது. ஆசிரியர் அறையில் பத்து இதழையும் நின்றபடியே புரட்டினார். "யாரு இது?" என்று கேட்டது வெளியே வரை கேட்டது. ஆசிரியர் வாயைத் திறக்காமல் தாடையால் என்னைக் காட்டியிருக்க வேண்டும். மாஸ்டர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

அப்போது என் முன்னால் ஒரு பக்கம் பென்சிலில் முடிந்திருந்தது. எவ்வளவு துரத்தியும் வில்லன் தப்பிவிட்டான், சூறாவளி ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஷூ கழன்று கையில் இருக்கிறது. மூன்று கட்டம், ஒரு வசனமும் கிடையாது.

"என்ன பண்றான் இவன்?"

"யோசிக்கிறான் சார்."

"சூறாவளி யோசிப்பானா? என் ஆளு தோக்கவே மாட்டான்."

"போன வாரமே தோத்துட்டான் சார்."

பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள். மாஸ்டர் என் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துப் பக்கத்தின் நடுவில் வைத்தார்.

"அழி."

அந்தச் சொல் எனக்குப் புதிதா என்ன? நாளுக்கு இருபது தரம் கேட்பதுதான். ஆனால் அதுவரை அழித்ததெல்லாம் அவர்கள் கோடு. காது மடல் சுட்டது. அழுதுவிடுவேனோ என்று ஒரு நொடி பயந்தேன். ரப்பரை எடுத்து ஓரமாக வைத்தேன். மைப்புட்டியைத் திறந்து பிரஷை முக்கினேன்.

"ஏய், என்ன பண்றே?"

பதில் சொன்னால் கை ஆடும். முதலில் சூறாவளியின் முதுகு, பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரே இழுப்பு. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை அதிர்கிற கணக்கு எனக்குப் பழக்கம், அதிர்வுக்கும் அதிர்வுக்கும் நடுவில் இழுத்தேன். படிக்கட்டு, ஷூ, ஷூ இல்லாத கால். எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். மூன்றாம் கட்டத்தில் அவன் முகம். அந்த முகத்துக்கு மட்டும் பிரஷை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். முடித்துவிட்டுப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"இனிமே ரப்பர் வேலைக்கு ஆகாது சார். கிழிச்சாத்தான் உண்டு. கிழிக்கணும்னா நீங்களே கிழிங்க, நான் மாட்டேன்."

மாஸ்டர் கிழிக்கவில்லை. அந்த வெறுங்காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆசிரியர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"அவர் கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடு. நாளைக்கு வந்து பழைய வேலையைப் பாரு. நான் சமாளிச்சுக்கறேன்."

"பழைய வேலைக்கு வர மாட்டேன் சார். வரையற வேலை இருந்தா சொல்லுங்க."

"உனக்கு என்ன திமிரும்மா!"

"இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் அச்சில் வந்தது. ஒரு கோடுகூட மாற்றவில்லை. மூலையில் மாஸ்டரின் கையெழுத்து. கடை வாசலில் நின்று மூன்று தரம் பார்த்தேன். வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "சரி, எவ்வளவு நாளைக்கு ஒப்பாரி?" என்றாள் அக்கா. "இன்னிக்கு ஒரு நாள்" என்றேன்.

மறுநாள் என் பென்சிலில் டிரைவரக்கா பிறந்தாள். நாற்பத்தைந்து வயது, தடித்த புஜம், பஸ் ஓட்டுகிறவள். யாரையும் அடிக்க மாட்டாள். ஆனால் அவள் பஸ்ஸில் ஏறி வம்பு பண்ணியவன் ஒழுங்காக இறங்கியதும் இல்லை. பதினாறு பக்கம். ஜெராக்ஸ் எடுத்தேன், அம்மா பல்செட் கம்பியை இடுக்கியால் வளைத்து வளைத்துக் கட்டிக் கொடுத்தார். அட்டையில் என் முழுப்பெயரை, தலைப்பு அளவுக்கே பெரிதாக எழுதினேன். "கொஞ்சம் சின்னதா போடேன்டி" என்று அம்மாவே சொன்னார். போடவில்லை.

கடைக்காரர்கள் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா பத்துப் பிரதியைத் தன் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் போட்டாள். சாயங்காலம் வந்து, "பத்தும் திருடு போச்சு" என்றாள். இன்றுவரை என் வேலைக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்கு மேல் ஒன்றை நான் கேட்டதில்லை. மறுபடி இருபது போட்டோம். மூன்றாம் இதழ் வந்தபோது பேஷன்ட்டுகள், "புதுசு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள் படிக்கக் கூடாது. எழுத்து மங்கலாகத் தெரியும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், பக்கத்தில் இருந்தவர் சிரித்த சிரிப்பைப் பொறுக்க முடியாமல், "எனக்கும் யாராவது படிச்சுக் காட்டுங்களேன்" என்றிருக்கிறார். அக்கா மேஜையை விட்டு எழுந்துபோய், கண்டக்டருக்கு ஒரு குரல், டிரைவரக்காவுக்கு ஒரு குரல் என்று வாசித்துக் காட்டினாள். அந்த அம்மாள் ஒரு தினசரியின் வாரக்கடைசி இணைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்.

நாலு நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜன்னல் பெரிதாக இருந்த அறை. என் மூன்று இதழும் மேஜையில் இருந்தன.

"வாராவாரம் அரைப்பக்கம் தர்றேன். ரெண்டே ரெண்டு விஷயம். டிரைவர் வயசைக் கொஞ்சம் குறைச்சிடு, இருபத்தஞ்சு வெச்சுக்கோ. அப்புறம் உன் பேரு… வெறும் இனிஷியல் போதுமே? ஆம்பளைங்களும் படிப்பாங்க."

"ரெண்டும் முடியாதுங்க மேடம்."

"வேலை வேணுமா, வேணாமா?"

"ரொம்ப வேணும். இருபது வருஷம் பஸ் ஓட்டுன கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதைத்தான் வரைஞ்சிருக்கேன். இருபத்தஞ்சு வயசு கையைப் போட்டா கதை பொய்யாயிடும். பேரு விஷயத்துல பேசுறதுக்கே ஒண்ணும் இல்ல."

"சொல்லி அனுப்பறேன்" என்றார். பதினாறு நாள் சொல்லி அனுப்பவில்லை. கெடுத்துக்கொண்டேனே என்று ஒருநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அன்று அம்மா என் முன்னால் ஒரு பல்செட்டை வைத்து மெருகு போடச் சொன்னார். போட்டேன். பதினேழாம் நாள் ஆள் வந்தது. டிரைவரக்கா நாற்பத்தைந்து வயதோடு, மேலே என் முழுப்பெயரோடு, அடுத்த ஞாயிறே வெளியானாள். ஒன்பது வருஷம் ஓடினாள். நடுவில் அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னார்கள், இடுப்பை ஒடுக்கச் சொன்னார்கள், கடைசிக் கட்டத்தில் ஒரு நீதி வைக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

முதல் வருஷத்தில் ஒரு கடிதம் வந்தது. கட்டம் போட்ட தாளில், அழுத்தமான எழுத்து: "நான் பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன். போன வாரம் உங்க ஆளு நாலாவது கியர்ல மேடு ஏறினாளே, ஏறாது. வண்டி நின்னுடும். தெரியலன்னா வந்து பாருங்க. காலை ஆறு மணி வண்டி."

போனேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, மூன்று நடை, அவர் கியர் மாற்றுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மேட்டில் அவர் இரண்டாவதுக்கு இறக்கியபோது திரும்பிப் பார்க்காமலே, "பார்த்தியா?" என்றார். "பார்த்தேன்க்கா" என்றேன். அந்த வாரம் அனுப்ப வைத்திருந்த அரைப்பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டேன்.