யாரும் கை கொடுக்க வேண்டாம்

ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருந்தவரை அவள் உட்கார்ந்து வேலை பார்த்ததே இல்லை. தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து நடந்தே ஓய்வு பெற்றவள். வீட்டிலும் எல்லாருக்கும் அவள் சூப்பர்வைசர்தான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததும் அதிகாரம் மகன் கைக்குப் போனது. மாடிப்படி கூடாது, சமையலறை கூடாது. சாப்பாடு, மாத்திரை, டிவி ரிமோட் எல்லாம் சோபாவுக்கே வந்தன. கட்டுப் பிரிக்கும்வரை அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

பிறகு ஒருநாள் தானாக எழப் பார்த்தாள். முடியவில்லை. மருமகள் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினாள். விழுந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"முறிஞ்சது கைதானே? கால் எங்க போச்சு?" என்று மருமகளைக் கேட்டாள்.

"நடக்கவே விடலையே அத்தை."

கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்ணும் அதையேதான் மகனிடம் சொன்னாள். "உக்கார வச்சே காலைக் கெடுத்துட்டீங்க சார். காலுக்கு வேலை கொடுத்தாதான் தடுமாறும்போது சமாளிக்கும்."

"மறுபடி விழுந்து இடுப்பு போச்சுன்னா?"

"போனா என் இடுப்புடா," என்றாள் அம்மா.

அன்றே ஆரம்பித்தாள். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். விழுந்தால் எப்படி எழுவது என்று அந்தப் பெண் பாயில் படுக்கவைத்தே பழக்கினாள். மகன் வீட்டிலிருந்தால் சண்டை, ஆபீஸ் கிளம்பினால் பயிற்சி என்று நாட்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நடந்து திரும்பும்போது கால் பின்னி விழுந்தாள். மகன் பதறி ஓடிவந்தான்.

"தொடாத!"

நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

கை காலை மெல்ல அசைத்து எங்கும் அடியில்லை என்று பார்த்துக்கொண்டாள். ஒருக்களித்து, முட்டி போட்டாள். நாற்காலியில் கையை ஊன்றி ஒரு பாதத்தைத் தரையில் பதித்தாள். முட்டி நடுங்கிச் சரிந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி ஊன்றினாள். எழுந்து நின்றாள்.

"விழவே மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? விழுந்தா எழுந்துப்பேன்னு சொல்றேன்," என்றாள் மூச்சு வாங்க.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாதும்மா."

"அப்ப கட்டாத. கதவைத் திற."

மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். மகன் இரண்டு கையையும் விரித்தபடி அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினான்.

"திரும்பி நட. நீ விழுந்து வச்சா தூக்குற தெம்பு எனக்கு இன்னும் வரல."

பின்னால் வந்த மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள்.

தெருவுக்கு வந்தபோது கால்கள் வெடவெடத்தன. கேட்டில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"போதும்மா, மேல போலாம்."

அவள் தெருமுனை வரை ஒருமுறை பார்த்தாள்.

"வர்றதுன்னா வா," என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.