பத்து வருஷத்துக்குக் கட்டியாச்சு

சக்கர நாற்காலி பழுது பார்ப்பவளுக்கு முதலில் தகவல் சொன்னது ஒரு வாடிக்கையாளர்.

"அம்மா, உங்க வெப்சைட்டத் தொறந்தா சூதாட்டம் வருது. எங்கப்பா பிரேக் கம்பி எப்படி மாட்றதுன்னு பாக்கப் போனவரு, ரெண்டு ஆட்டம் ஆடிட்டாரு."

அவள் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள். எந்த நாற்காலிக்கு எந்த டயர், பேரிங்கை எப்படிக் கழற்றுவது என்று படம் படமாக அவள் போட்டிருந்த இடத்தில் பகடைகள் உருண்டுகொண்டிருந்தன.

நான்கு வருஷத்துக்கு முன்பு அக்காதான் சொன்னாள்: "ஒரேயடியா பத்து வருஷத்துக்குக் கட்டிடுடி. தலைவலி விட்டுச்சு." இவளும் ஒரு நிறுவனத்தில் இணையதளத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

ரசீதை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனாள். முன்பு கண்ணாடிக் கதவோடு கீழ்த்தளத்தில் இருந்த அலுவலகம், இப்போது இரண்டாம் மாடியில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறையாகச் சுருங்கியிருந்தது. மேலாளர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"ஹோஸ்டிங், அதான் உங்க தளம் இருக்கற இடம், பத்திரமா இருக்கு மேடம். இன்னும் ஆறு வருஷத்துக்குக் கவலையே இல்ல. பேருதான் காலாவதியாயிடுச்சு. வேற யாரோ எடுத்துட்டாங்க."

"பேருக்கும் பத்து வருஷத்துக்குத்தானே பணம் வாங்கினீங்க?"

"வாங்கினோம். ஆனா நாங்க வருஷா வருஷந்தான் புதுப்பிப்போம். இந்தத் தடவ ஆள் மாறினதுல விட்டுப்போச்சு."

"என் பேர்ல இருந்திருந்தா எனக்காவது நினைவூட்டி மெயில் வந்திருக்குமே?"

அவர் மேஜையைப் பார்த்தார். "நிர்வாக வசதிக்காக கம்பெனி பேர்லதான்..."

"வீடு இருக்கு, வாசல் மட்டும் இல்லேன்னு சொல்றீங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. நடக்க முடியாதவங்க நம்பித் தொறக்கற பக்கம் அது."

"வேணும்னா ஹோஸ்டிங்க இன்னும் ரெண்டு வருஷம் இலவசமா நீட்டித் தரோம் மேடம்."

"எதுக்கு? யாரும் வர முடியாத இடத்துல எட்டு வருஷம் உக்காந்திருக்கவா?"

தவறு தங்களுடையதுதான் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. தன் படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்டாள். நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் புகார் கொடுத்தாள். அது இன்னும் நடக்கிறது. பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை.

புதுப் பெயர் வாங்கும்போது அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதுக்கும் பத்து வருஷமா?"

"பேருக்கு அஞ்சு வருஷம். என் பேர்ல, நேரா பதிவு பண்றவங்ககிட்டயே. எப்ப முடியுதுன்னு யார் வேணா பாக்கலாமாம், பாத்துட்டேன். இடத்துக்கு ஒரு வருஷம் போதும். பிடிக்கலேன்னா மூட்டையக் கட்டிட்டுக் கிளம்பிடலாம்."

"நான்தான்டி உன்ன..."

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன. அவன் செஞ்சது அக்கிரமம்."

பழுது பார்த்த ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பழைய இணைய முகவரி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் வீடு வீடாக, மருத்துவமனை மருத்துவமனையாகப் போனாள். "ஒரு நிமிஷம் முன்னால சாஞ்சுக்கறீங்களா?" என்று உட்கார்ந்திருப்பவரைக் கேட்டு, பின்னால் மண்டியிட்டு, நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஒவ்வொன்றையும் சுரண்டும்போது அந்த மேலாளரின் சிரிப்பு நினைவுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டாள்.